வெள்ளைக் கோடு

பலேர்மோ
23.01.1994

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

உங்கள் மார்கழிக் கடிதம் கிடைத்தது. மண்ணெண்ணெய் இன்னும் தட்டுப்பாடு, மகள் றம்யா ஜாம் போத்தல் விளக்கில்தான் படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசிக்கும்போது நான் கல்தாயாவுக்குப் பக்கத்தில் நின்றேன். கல்தாயா என்றால் வீட்டைச் சூடாக்குகிற பெரிய டீசல் அடுப்பு. நான் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரக் கிழவி, சிஞோராவின் வீட்டு நிலவறையில் இருக்கிறது. அது கொதிக்க வைக்கும் தண்ணீர் குழாய்வழியே அறை அறையாக ஓடும்.

கார்த்திகையில் சால்வோ என்ற மெக்கானிக் வந்து அதை மூட்டிவிட்டார். டீசல் தாங்கி வெறுமையாகக் கிடந்ததால் குழாயில் காற்றுப் பிடித்திருந்தது. ஒரு திருகாணியைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் தனியே வரும்வரை பேணியில் பிடித்தார். சிவப்புப் பொத்தானை அமத்த, குப்பென்று பற்றியது. காற்றுப் போகிற வாயில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதை அரக்கி அரக்கி, கண்ணாடித் துவாரத்தால் நெருப்பைப் பார்த்து, வெள்ளைத் தாளில் கரி பிடிக்கிறதா என்றும் பார்த்து, கடைசியில் மூடி நின்ற இடத்தில் வெள்ளைப் பெயின்றால் கோடு போட்டார். இந்தக் கோட்டை விட்டு அசைக்காதே என்றார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். என் தலையாட்டல் உங்களுக்குத் தெரியும்தானே.

ஒரு கிழவிக்காக அவ்வளவு எண்ணெய் உறுமி எரிவதைப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அத்தான். அரைப் போத்தல் மண்ணெண்ணெயை ஒரு கிழமைக்கு இழுத்த கை இது. மண்ணெண்ணெய்க் குக்கரின் திரியை இறக்கி இறக்கிச் சமைத்தவளுக்குப் பெரிய நெருப்பு என்றால் வீண் என்றுதான் படும். போன கிழமை அந்த மூடியைக் கொஞ்சம் சாத்தினேன். உறுமல் அடங்கி, நெருப்பு மஞ்சளாய், மெதுவாய் எரிந்தது. எங்கள் குக்கர் மாதிரியே இருந்தது. இன்னும் கொஞ்சம் சாத்தினேன். எண்ணெய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன், மடைச்சி.

காற்றைக் குறைத்தால் எண்ணெய் குறையாதாம். எரியாமல் கரியாகத்தான் போகுமாம். புகைபோக்கி அடைத்து, நச்சுப்புகை மேலே சிஞோராவின் அறைக்கு ஏறிவிட்டது. வியாழன் காலை பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், மனுசி கதிரையில் சரிந்து கிடந்தார். யன்னலெல்லாம் திறந்து, குளறி ஆட்களைக் கூப்பிட்டேன். அம்புலன்ஸ் வருவதற்குள் கீழே ஓடிப்போய் கல்தாயாவை நிறுத்தி, மூடியைத் திரும்பக் கோட்டுக்கே தள்ளிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதேங்கோ. கை தானாகச் செய்தது.

சிஞோரா பிழைத்துவிட்டார். ஆனால் ஆட்களை மட்டுக்கட்டுகிறார் இல்லை, என்னையே யாரென்று கேட்கிறார். அவரின் மகன் மிலானிலிருந்து வந்து, மூடி கோட்டிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, கோடு போட்ட சால்வோவின் பிழைதான் என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். என்னிடமோ, என் அம்மாவைக் காப்பாற்றியது நீதான், உன் மனுசனையும் பிள்ளையையும் கூப்பிடுகிற பத்திரத்தில் நானே கையெழுத்து வைக்கிறேன் என்றார். நீங்கள் இரண்டு பேரும் வந்து சேர அந்த ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

நேற்று சால்வோ வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கோட்டில்தானே விட்டேன், நீ பார்த்துக்கொண்டுதானே நின்றாய் என்று கேட்டார். நான் பாஷை விளங்காதவள்போல நின்றேன். இரண்டு வருஷமாக விளங்குகிற பாஷை.

இன்று பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை. கோயிலுக்கு வரும் எங்கள் மன்னார் றோபேட் அண்ணையிடம் மட்டும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிரு தங்கச்சி, அவையள் இஞ்சை வந்து சேரட்டும், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றார். அவர் சொல்வதும் சரிபோலத்தான் இருக்கிறது. உங்களைக் கேட்கலாம் என்றால் பதில் வர இரண்டு மாதம். அதற்குள் சால்வோவைப் பொலிஸ் பிடித்து மறியலில் வைத்துவிடும்.

நாளை காலை சிஞோராவின் மகனிடம் போய், மூடியைச் சாத்தியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் போவேன். போடாவிட்டால் மனம் மாறிவிடும்.

சித்திரைக்குள் கூப்பிடுவேன் என்று நான் முன்பு எழுதியதை நம்பி, சித்திரையில் அம்மாவிடம் போகிறேன் என்று றம்யா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருப்பாள். என்னை ஏசுங்கோ, கோபியுங்கோ, ஆனால் எழுதாமல் மட்டும் விடாதேங்கோ. மாதா உங்கள் இரண்டு பேரோடும் இருப்பாராக. அவள் படிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கோ. திரியை இறக்காதேங்கோ, அத்தான். எண்ணெய் முடிந்தால் முடியட்டும்.

உங்கள்
செலஸ்ரீனா