மூடிவரை ஏறிய புழுக்கள்

அக்காவுக்கு, வெள்ளத்தில் பாலம் அடித்துப்போன வருஷம், உன் கடைசி மகள் பிறந்த மாதம், இந்த விடுதிக்குத் தோட்ட வேலைக்கு வந்த உன் தம்பி, விடுதி டிரைவரிடம் சொல்லி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

சமையலறைக் கழிவை மண்புழுப் பெட்டியில் போட்டு உரமாக்குவதும் என் வேலைதான். போன வாரம் திறந்தால் புழுக்களெல்லாம் மூடிவரை ஏறி நிற்கின்றன. ஒரே நாற்றம். புழுக்களுக்குப் படுக்கையாகப் போட்டிருந்த ஈரக் காகிதத்தைக் கிளறினேன். அடியில் உப்பில் ஊறிய எலுமிச்சைத் தோல். உப்பும் புளிப்பும் புழுவுக்கு ஆகவே ஆகாது. சமையல்காரன் கொட்டி மூடியிருக்கிறான்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கவலைப்படுவீங்கன்னுதான் பெரியவரே. புழுதானே, போனா போகுது."

பாதி செத்துவிட்டது. மிச்சத்தை வேறு பெட்டிக்கு மாற்றி, பிழிந்த துணி அளவு ஈரத்தில் புதுக் காகிதம் போட்டிருக்கிறேன், பிழைத்துக்கொள்ளும்.

நம் வீட்டிலும் இதே பேச்சுத்தான். அப்பா போனதை, அண்ணன் போனதை, என் பெண்டாட்டி போனதைக்கூட எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னீர்கள். நான் கவலைப்படுவேனாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பழைய போர்வை ஒன்று கொடுத்துவிடு. உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மறைக்காமல் சொல்லும்படி பிள்ளைகளிடம் சொல்லி வை. டிரைவர் கிளம்புகிறான். என்னை "டேய்" என்று கூப்பிட உயிரோடு இருப்பது, அக்கா, நீ ஒருத்திதான்.