எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க

இன்று காலை ஒரகடம் தொழிற்சாலை வாசல்களிலெல்லாம் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் கலந்த பூசணியின் பச்சை வாசனை ஜீப்புக்குள் வந்ததுமே நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் முன் சீட்டை விடமாட்டேன் என்கிறாய். உனக்கு ஒரு சேதி இருக்கிறது. கடைசியில்தான் சொல்வேன். உயிரோடு இருந்தவரை பொறுமை உன்னிடம் மருந்துக்கும் கிடையாது, இப்போதாவது பழகு.

நாம் இருவரும் ஒரே பேட்ச். உளவுப் பிரிவில் ஒரே அறை, ஒரே மின்விசிறிக்குச் சண்டை. ஒரு வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் அண்டை நாட்டோடு பேச்சுவார்த்தையே இல்லை. தூதர்களை இரு பக்கமும் திருப்பி அழைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அங்கிருந்து, டெல்லி வழியாக, நான்கு வரித் தகவல் நம் மேசைக்கு வந்தது. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாக ஆலை. ஆயுத பூஜை விடுமுறை. பூஜைச் சாமான் கொண்டுவரும் வண்டியில் வெடிபொருள்.

நான் சிரித்தேன். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஆலையில் யாரைக் கொல்வார்களாம்? நம்மை அலைக்கழிக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, கோப்பின் ஓரத்தில் ‘நம்பத்தக்கதல்ல’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மேலே இருந்தவர்களுக்கும் அதுதான் பிடித்தது. ஒப்புக்கு விடுமுறையன்று நான்கு காவலர்களை நிறுத்தினால் போதும் என்றார்கள்.

நீ ஒரகடத்துக்குப் பக்கத்து வடக்குப்பட்டுக்காரன். உன் தங்கை அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். “டேய், காலண்டர்ல செவப்பா போட்டுக்கீற நாளு லீவு. கம்பெனில பூஜைய அதுக்கு மொத நாளே போட்டுருவான். அன்னிக்கு ஒரு நாளுதான் ஐ.டி. கார்டு கேக்காம வூட்டு ஆளுங்கள உள்ள வுடுவான். கொழந்தைங்கல்லாம் மெஷின் பாக்க வரும்டா” என்றாய். தகவல் சொன்னவர்களிடமே எந்த நாள் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்றாய். முறைத்துக்கொண்டிருக்கும் நாட்டிடம் விளக்கம் கேட்பதா என்று நான் குதித்தேன்.

“கேட்டா கவுரவம் போவும். கேக்காட்டி உசுரு போவும். எது வோணும் சொல்லு.”

“அவனுங்கள நம்புறியா நீ?”

“அவனுங்கள நம்பல. அந்த நாலு வரிய நம்புறேன். சும்மா வெளையாடுறவன் பூஜை சாமான் வண்டி வரைக்கும் எழுத மாட்டான்.”

அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூஜைக்குப் போக உன் தங்கை புதுப்புடவை எடுத்து வைத்திருந்தாள். அவளையாவது போகவேண்டாம் என்று சொல்லேன் என்றேன். “சொன்னா அவ ஒருத்தி தப்பிப்பா. மத்தவங்களுக்கு யாரு சொல்றது?” என்று கோப்பை என் முன்னால் தள்ளினாய். நான் எழுதியதை நானே அடித்தேன். பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கேள்வி டெல்லி போய், அங்கிருந்து எல்லை தாண்டிப் போயிற்று. மாலைக்குள் பதில் வந்தது: ‘விடுமுறைக்கு முந்தைய நாள். குடும்பங்கள் வரும் நேரம்.’

மறுநாளே அந்த நாள். வாழைக்கன்றும் பொரி மூட்டையும் ஏற்றிய வண்டியை வடக்குப்பட்டுத் திருப்பத்தில் மடக்கினோம். மூட்டைக்கு அடியில் பெட்டிகள் இருந்தன. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை, வண்டியில் இருந்த மூன்று பேரும் சிக்கினார்கள். ஆலையில் பூஜை குறையில்லாமல் நடந்தது. பொரிப் பொட்டலத்தோடு வெளியே வந்த உன் அம்மா, வாசலில் நின்ற உன்னைப் பார்த்து, “இன்னாடா, வேலவெட்டி இல்லாம வெயில்ல நின்னுகினு கீற?” என்று திட்டினார். நீ சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்து பொரியை அள்ளித் தின்றாய். எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய வெற்றி விழா எங்கும் நடந்ததில்லை.

அந்த நாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்று வாரம் மேலிடத்தோடு மல்லுக்கு நின்றாய். கடைசியில் ஒரே ஒரு வரிக்கு அனுமதி கிடைத்தது. “எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க, அவ்ளோதான், எழுது” என்றாய். நான் ‘எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள்’ என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, “அவனுங்க எதனா சொன்னானுங்களா?” என்று கேட்டாய்.

இப்போதும் அந்த நாட்டோடு உறவு சரியாகவில்லை. போன மாதம் மறைமலை நகரில் பிடிபட்ட ஒருவனின் செல்போனில், அவர்கள் ஊர் ரயில் நிலையம் ஒன்றின் படங்கள் இருந்தன. அவர்கள் பாடு, நமக்கெதற்கு என்றார்கள் அலுவலகத்தில். நான் கவுரவத்தையும் உசுரையும் பற்றி நீ சொன்னதை உன் குரலிலேயே சொன்னேன். தகவல் போயிற்று. அவர்கள் திருப்பி இரண்டு கேள்வி கேட்டார்கள். ஒரு மணி நேரம்கூடக் காக்க வைக்காமல் பதில் அனுப்பினோம்.

கோப்பின் ஓரத்தில் எதை எழுதப் போனாலும் என் பேனா இன்னும் ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணம் நீ விட்டுப் போனது.

நேற்று அங்கிருந்து ஒரு வரி வந்தது. நாம் அனுப்பிய அதே வரி. யாரோ ஒருவர் இத்தனை வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்களாம்டா.