பச்சைச் சீட்டு

நாகர்கோவில்,
9 நவம்பர் 2025

அன்பு ஜெஸ்லின்,

எபிசன் அண்ணன் செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறார் என்று உன் அம்மா சொன்னார்கள். அவர் பெட்டியில் முந்திரிக்கொத்துப் பொட்டலத்துக்கு அடியில் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். எண்ணெய் படிந்திருந்தால் பொறுத்துக்கொள். போனில் நலம் விசாரிப்பது, மற்றதையெல்லாம் கடிதத்தில் எழுதுவது என்ற நம் ஹாஸ்டல் காலத்து ஒப்பந்தத்தை நீதான் மூன்று மாதமாக மீறிக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. டிசம்பர் 27, 28 இரண்டு நாளும் பள்ளி மைதானத்தில் உணவுத் திருவிழா. நாற்பது கடைகள். லைசென்ஸ் எடுத்துக்கொடுக்கிற எங்கள் அலுவலகத்தில் அனுமதி, பாதுகாப்பு இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டார்கள். போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, ஒவ்வொரு கடைக்கும் உணவுப் பதிவு, சமைக்கிறவர்களுக்கு மருத்துவச் சான்று, தண்ணீருக்குப் பரிசோதனை. விழாக்குழுச் செயலாளர் தாணுமாலயன் சார் பாத்திரக்கடைக்காரர். நேற்று என் கோப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பிடத்தானே மக்ளே வாறாவ, ஆபரேஷனுக்கா?" என்றார்.

நான் விடவில்லை. கேஸ் அடுப்புக் கடைகளுக்கு நடுவே இடைவெளி. பின்வாசல் பாதை தீயணைப்பு வண்டிக்கு மட்டும், வேறு எந்த வண்டியும் நுழையக் கூடாது. உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் முன்வாசலில் நான் பார்த்துக் கையெழுத்திட்ட பச்சைச் சீட்டு இருந்தால்தான் உள்ளே போகும். பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தால் அது சாப்பிடத் தகுந்தது என்று எல்லாக் கடைக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். இந்த யோசனை என்னுடையது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் அம்மாவையும் கடை போடச் சொல்லியிருக்கிறேன். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். "கடல்ல போறவனுக்கே இத்தனை சீட்டு இல்லியே பிள்ளே, கறி வெக்கிறவளுக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். இருந்தாலும் சம்மதிக்க வைத்துவிடுவேன்.

பதில் எழுது.

உன்
லெச்சு


மஸ்கட்,
30 நவம்பர் 2025

ஏட்டி லெச்சு,

முந்திரிக்கொத்து எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்தது. உன் கடிதம்தான் எனக்கு மிஞ்சியது. அதிலும் எண்ணெய்.

அம்மா சம்மதித்துவிட்டார்கள், தெரியும். நேற்று போனில் ஒரே புகார். "லெச்சு வந்து என் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தா கேட்டியா. என்னைப் பெண்ணு பாக்க வந்தவங்ககூட அப்படிப் பாக்கல்ல." அப்புறம் டாக்டரிடம் சான்று வாங்கப் போனபோது புதுச்சேலை கட்டிக்கொண்டு போனார்களாம். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

இதை மட்டும் விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். அப்பா போனபிறகு அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து அந்த ஆறு மேசைக் கடைதான். நான் பலமுறை இங்கே கூப்பிட்டேன். "உன் ஒத்தை ரூமுக்குள்ள நான் யாருக்குக் கறி வெக்க?" என்று கேட்கிறார்கள். அந்தக் கடை இருக்கும்வரை அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கடைக்கு வெளியே போய் அவர்கள் சமைப்பது இதுதான் முதல் தடவை. நீ இருக்கிறாய் என்றுதான் வருகிறார்கள். பார்த்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை. எனக்கும் சேர்த்துக் கிழங்கு தின்னு. மீன்கறி தொடமாட்டாய், தெரியும்.

உன்
ஜெஸ்லின்


நாகர்கோவில்,
4 ஜனவரி 2026

அன்பு ஜெஸ்லின்,

புத்தாண்டு வாழ்த்துகள். நீ மூன்று முறை கூப்பிட்டிருந்தாய். எடுக்க முடியவில்லை. வேலை அதிகம்.

திருவிழா முடிந்தது. இரண்டு நாளும் நல்ல கூட்டம். எதிர்பாராத வெயில். ஞாயிறு மதியம் சர்பத் கடைகளில் ஐஸ்கூடத் தீர்ந்துபோயிற்று. உன் அம்மா கடையில் இரண்டு நாளும் வரிசை நின்றது. அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா உன்னிடம் சொல்லியிருப்பார்கள். திங்கள் விடியற்காலையில் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மொத்தம் இருபத்திரண்டு பேர். இப்போது எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் மூன்று நாள் ட்ரிப் ஏற்ற வேண்டியிருந்தது. அதுவும் தேறிவிட்டது. விழாக்குழு பத்திரிகைக்குக் கொடுத்த செய்தியில் மீன் உணவுக் கடையில்தான் சந்தேகம் என்று வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை அம்மா கடையைத் திறக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறையில் சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையையும் சேர்த்துத்தான்.

குழுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அன்று எனக்குத் தலைவலி. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அம்மாவை அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். நீ கவலைப்படாதே.

லெச்சு


மஸ்கட்,
1 பிப்ரவரி 2026

அன்பு லெச்சு,

உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. உன்னை நான் திட்டப்போவதில்லை. நீயும் அங்கே என்ன பாடு படுகிறாயோ.

முதலில் நன்றி. தெருவில் யாரும் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லையாம். மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தவர்களும் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். "அந்தப் பிள்ளை ஒருத்திதான் வாறா. வந்து பேசாம இருந்துட்டுப் போறா" என்று அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் வீட்டில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். அதையும் மீறிப் போகிறாய்.

இனி விஷயம். அம்மாவுக்குத் தன் கையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரே மீனை நாலு தரம் கழுவுகிறார்கள். நேற்று, "மஞ்சள் கொறஞ்சு போச்சா மக்கா? கையில புண்ணு இருந்துச்சா, நான் பாக்கல்லியோ?" என்று கேட்டார்கள். முப்பது வருடமாகக் கறி வைக்கிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பிப்ரவரி 12-ஆம் தேதி விசாரணைக்குப் போகும்போது தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்களாம். எழுதிக் கொடுத்தால் பதிவு போய்விடும், கடை அத்தோடு முடிந்தது என்று சொன்னேன். "போட்டும், பிள்ளைகளுக்கு வயித்தைக் கெடுத்தவளுக்கு எதுக்குக் கடை" என்கிறார்கள்.

ஒரு நர்ஸாகக் கேட்கிறேன். அந்த இருபத்திரண்டு பேரும் மீன் சாப்பிட்டார்களா? ட்ரிப் ஏற்றிய குழந்தைக்கு ஒன்றரை வயதாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு யாராவது அவ்வளவு காரமான மீன்கறி கொடுப்பார்களா? ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று நீ நிச்சயம் கேட்டு எழுதி வைத்திருப்பாய். நீ எதையும் எழுதாமல் விடுகிறவள் இல்லை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு 12-ஆம் தேதி அம்மாவோடு போ. என் அம்மாவுக்கு அங்கே நீ மட்டும்தான் இருக்கிறாய்.

உன்
ஜெஸ்லின்


நாகர்கோவில்,
11 பிப்ரவரி 2026

ஜெஸ்லின்,

நீ கேட்ட பட்டியல் என்னிடம் இருக்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் மாலையே எழுதிவிட்டேன். இருபத்திரண்டு பேரில் மீன் சாப்பிட்டவர்கள் ஒன்பது பேர். சர்பத் குடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். அந்தக் குழந்தைக்கு அதன் அப்பா தன் கிளாஸிலிருந்து இரண்டு மடக்குக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு மதியம் ஐஸ் தீர்ந்ததும் எல்லாரும் என்னைக் கூப்பிட்டார்கள். சாப்பிடுகிற ஐஸ் எங்கும் கிடைக்கவில்லை. சோடா பாட்டில்களைச் சுற்றி வைத்துக் குளிர வைப்பதற்காவது இருக்கட்டும் என்று கடற்கரையிலிருந்து மீன் ஐஸ் கொண்டுவரச் சொன்னேன். அங்கே ஐஸ் வண்டி ஓட்டுகிற ரெனிஷ்தான் கொண்டு வந்தான். வாசலிலேயே சொன்னான்: "யக்கா, இது மீனுக்குப் போடுற ஐஸு. வாயில வெக்காண்டாம்னு சொல்லிருங்க." தெரியும் என்றேன். சாப்பிடக் கூடாத ஐஸில் நீலம் கலந்திருக்க வேண்டும் என்பது நானே டைப் அடித்துக் கொடுத்த விதி. அந்தக் கட்டிகள் வெள்ளையாக இருந்தன. அதையும் பார்த்தேன்.

பின்வாசல் பாதையை நான்தான் அடைத்து வைத்திருந்தேன். முன்வாசலில் காவலுக்கு நின்ற செல்வதாஸ் அண்ணன், "சீட்டு இல்லாம விடாதேன்னு நீங்கதானே சொன்னிய" என்று வண்டியை மறித்துவிட்டார். உண்ண முடியாத பொருளுக்கு என்று வேறு சீட்டை நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஐஸ் பெட்டியில் ஒட்டினேன். உள்ளே போய் ஒவ்வொரு கடையிலும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு கடையில் கேஸ் ட்யூப் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். அத்தோடு ஐஸ் மறந்துபோயிற்று. கடைகளிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுத்து வைக்க வேண்டிய நேரமும் அதில் போயிற்று. அதனால் உன் அம்மாவின் கறியில் குற்றமில்லை என்று காட்ட ஒரு டப்பா கறிகூட இல்லை.

சர்பத் கடை முருகதாஸ் பச்சைச் சீட்டைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்தபடியே நம்பினார். உடைத்துக் கிளாஸில் போட்டார்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். அடுத்தது அப்படியில்லை. குழுக் கூட்டத்தில் தாணுமாலயன் சார், "இதுல என்ன யோசனை? கெடக்கூடியது மீன்தான். நம்ம பிள்ளை எல்லாத்தையும் பாத்துத்தானே விட்டுருக்கா" என்றார். யாரும் மறுக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் மீன் வாங்குவதில்லை. என் வீட்டிலும் இல்லை. மீன் என்றதும் அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நான் குனிந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா வீட்டுக்கு ஏழு முறை போனேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். எனக்கென்று மீன் படாத தனிச்சட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியுமா? கரண்டியும் தனி. அதில் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, "என் கையில அழுக்கு இருந்துச்சா பிள்ளே, நீ அன்னைக்கு நகத்தைப் பாத்தியே" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. "என் அம்மாவுக்கு அங்கே நீ மட்டும்தான்" என்ற கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், பட்டியலோடு. ரெனிஷும் செல்வதாஸ் அண்ணனும் கேட்டால் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அலுவலகத்தில் இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அது சரிதான். என் மேல் நடவடிக்கை வரும். உன் அம்மா நாளை போக வேண்டும், ஆனால் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொன்னேன். முடித்ததும், "பிள்ளைகள் எல்லாம் சொகமாயிட்டுல்லா?" என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் அதையும் உன் மேல் சுமத்துவதாக ஆகிவிடும்.

லட்சுமிப்ரியா


மஸ்கட்,
8 மார்ச் 2026

லெச்சு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

கடை போன திங்கள்கிழமை திறந்தது. அம்மாவின் மேல் குற்றமில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. பத்திரிகையிலும் நாலு வரி போட்டார்களாம், உள்பக்கத்தில். முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். முருகதாஸ் வந்து இரண்டு தட்டுக் கிழங்கு தின்றுவிட்டு, "எனக்குப் பயம் இல்ல, பாத்துக்கிடுங்க" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிறமாதிரி சத்தமாகச் சொன்னாராம். நேற்று முப்பது பேர். அம்மா இப்போது மீனை இரண்டு தரம்தான் கழுவுகிறார்கள்.

ஐஸ் விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபமில்லை. என் வார்டிலும் தப்பு நடக்கிறது. அவசரத்தில் நானே ஒருமுறை மருந்து மாற்றி எடுத்திருக்கிறேன், கடைசி நொடியில் பார்த்தேன். கோபம் அதில் இல்லை. என் அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று நாளில் ஏழு முறை நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். நான் உனக்கு நன்றி எழுதினேன். அதையும் வாங்கிக்கொண்டாய். நல்லவேளையாக அந்தக் கடிதம் உன்னை எழுப்பியது என்று ஒரு மனம் சொல்கிறது. அது வரவில்லை என்றால் என்று இன்னொரு மனம் கேட்கிறது. அங்கேயே நின்றுவிடுகிறேன்.

வேலை போனதில் எனக்கு வருத்தம்தான். உண்மையாகவே.

நீ வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். நீ கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன். அடுப்பிலிருந்த கறியை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "வந்தா சோறு போடாம விடமாட்டேன். பட்டினியா அனுப்ப எனக்குத் தெரியாது. ஆனா பக்கத்துல இருந்து பேச்சு குடுக்க இனி எனக்கு வராது மக்கா. அவகிட்ட சொல்லிரு."

சொல்லிவிட்டேன். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். எழுதாதே என்று சொல்ல மாட்டேன். நீ கொடுத்தனுப்பினால் வாங்கி வைப்பேன். எப்போது பிரிப்பேன் என்று தெரியாது.

ஜெஸ்லின்