கழுத்துவரை

பிரிஸ்டலில் இருக்கும் உனக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. இந்த வருஷம் நொதிக்கவைத்த ஆப்பிள் சைடரை அடிமண்டியிலிருந்து நானே பிரித்து வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டேன். முதலில் இரண்டு ஜாடிகளையும் கொட்டகை வாசலில் ஒரே மேஜைமேல் வைத்துக்கொண்டு டியூபை உறிஞ்சினேன். பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு கிளெம் வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தார்.

"ஏம்மா, காலி ஜாடியக் கீழ எறக்கி வை. உன் மூஞ்சியப் பாத்து ஓடி வருமா அது?"

இறக்கியதும் ஓடியது. மேலே டியூபைப் பிடித்துக்கொண்டு, மண்டி நெருங்கும்போது "போதும்" என்று நீதானே சொல்வாய். இந்தத் தடவை நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

மண்டியோடு கொஞ்சம் விட்டுவிட்டதால் புது ஜாடி நிறையவில்லை.

"மேல காத்து நின்னா புளிச்சுப் போயிடும். போன வருஷத்தது இருந்தா ஊத்தி ரொப்பிடு" என்றார்.

ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. நீ வந்தால் திறக்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஊற்றிவிட்டேன். பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு வாய் சைடரை நின்றபடியே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜாடி கழுத்துவரை நிறைந்துவிட்டது. இனி அதில் காற்றுக்குக்கூட இடமில்லை.

இப்படிக்கு,
கீழே ஜாடியைப் பிடித்திருந்தவள்