ஒன்றும் தெரியவில்லை

மார்ச் 4
காலையில் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால் எனக்கு ஆகாது, சுழித்துவிடுவேன். மாலையில் டாக்டரம்மா சொன்னதில் அந்தக் குறையே இல்லை. மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி. முதலில் ஒரு மருந்து, அது முடிந்ததும் இன்னொரு மருந்து, அப்புறம் ஆபரேஷன். கட்டி சுருங்கினால் அந்த இடத்தை மட்டும் எடுப்பார்கள். சுருங்காவிட்டால் மார்பையே எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். வீட்டுக்குத் திரும்பும்போது நடுரோட்டில் இரண்டு தடவை வண்டியை அணையவிட்டார்.

மார்ச் 19
முதல் மருந்து சிவப்பு. சர்பத் மாதிரி அழகாக ஏறியது. வீட்டுக்கு வந்ததும் வாந்தி. நாத்தனார் ஃபோனில், நீ தைரியசாலி, உனக்கென்ன என்றாள். தைரியசாலிக்கு வாளி பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 6
முடி முழுக்கக் கொட்டிவிட்டது. இவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “மண்டை வடிவம் நல்லாத்தான் இருக்கு” என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் அழகைப் பற்றி இவராகச் சொன்னது இது ஒன்றுதான்.

மே 28
இன்று இரண்டாவது மருந்து. நாத்தனாருக்கு அது போதாதா? முதல் மருந்து கேட்கவில்லை, அதனால்தான் மாற்றுகிறார்கள் என்று சொந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் இது என்றேன். “அப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள்.
ஃபோனை வைத்த பிறகு — ஒருவேளை அப்படித்தான் சொல்லுவாங்களோ?

ஜூலை 11
விரல் மரத்து, பேனா நிற்க மாட்டேன் என்கிறது. பயமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல.

ஆகஸ்ட் 20
ஸ்கேன். நான் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்கேன் பார்த்த டாக்டர் இவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் இவர் முகத்தில் ஈயாடவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி, நான் கேட்காமலே எனக்குச் செருப்பு வாங்கினார். கல்யாண நாளையே மறக்கிற மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று அழுதார்.
“இத்தனை மாசம் உன்னைப் போட்டு வதைச்சுட்டு, இப்ப ஒண்ணும் தெரியலைங்கறாங்க. தெரியாதவர் எதுக்கு ஸ்கேன் பாக்கணும்?”

தொழில் புத்தி, என்ன செய்ய? முழு வாக்கியத்தையும் சொல்லச் சொன்னேன்.
“கட்டி இருந்த இடத்துல ஒண்ணும் தெரியலைன்னார்.”
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
“டாக்டருக்குத் தெரியாம இல்லைங்க. கட்டிதான் தெரியலை.”

ரொம்ப நேரம் இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. செருப்பைத் திருப்பித் தர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 27
டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். ஆனாலும் அந்த இடத்தை எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாம். ஆக, தெரியாத ஒன்றை எடுக்க ஆபரேஷன். மார்பு தப்பித்தது.

செப்டம்பர் 30
ஆபரேஷனில் எடுத்த சதையின் ரிசல்ட். டாக்டரம்மா காகிதத்தைப் பிரிப்பதற்குள் இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.
“தெரியலையா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு தெளிவா சொல்லிடுங்க டாக்டர்.”
பிழை திருத்துகிறவளோடு குடித்தனம் நடத்தினதற்கு இன்றுதான் பலன்.

டாக்டரம்மா நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.
“இல்லை.”

இனி ரேடியேஷன் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை.