பாட்டுச் சேலை என்ன கலர்?

7.8.87 வெள்ளி

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காயப்போட்ட சேலை இரண்டு பறந்து எதிர்வீட்டு முருங்கையில். ஒன்றில் கிழிசல். யாரைத் திட்ட?

காலையில் திண்டுக்கல் சேலைக்கடை முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். தலையெல்லாம் புழுதி. "ஏம்மா கனகம், டிவியில புதுப் பாட்டு ஒண்ணு ஓடுதாம்ல, ஒரு புள்ள கம்மாக்கரையில நிக்குமாமே. அந்தச் சேலை இருக்கா, அந்தச் சேலை இருக்கான்னு பொம்பளைக என்னப் பிச்சுத் திங்குறாக. எனக்குச் சேலையத் தெரியும், பாட்டத் தெரியாது. வர்ற வியாழக்கெழம ஒரே ஒரு சேலை கொண்டா. 'அதேதான்'னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா, தீவாளி வரைக்கும் வேலை ஒங்களுக்குத்தான்."

எங்கள் சாயப் பட்டறை போக, இன்னும் இரண்டு பட்டறைகளிலும் சொல்லிவிட்டுத்தான் போகிறாராம். கெட்டிக்காரர்.

உள்ளேயிருந்து தனம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. தையில் கல்யாணம், வத்தலக்குண்டில் கொடுத்தது. தலை ஆடிக்கு வந்திருக்கிறாள் என்றுதான் தெருவுக்குத் தெரியும். முழங்கைக்கு மேலே உள்ள சூட்டுத் தழும்பு எனக்கு மட்டும் தெரியும். போன வாரம் இவரிடமும் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் ரோஸ்மேரி டீச்சர் வீடு. எங்கள் தெருவுக்கே அந்த ஒரு டிவிதான். கறுப்பு வெள்ளை. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மாடியில் டீச்சரின் வீட்டுக்காரர் ஆன்டெனாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "இப்பத் தெரியுதா?" கீழே அத்தனை பேரும் "இல்லே சார்!" "இப்ப?" "வருது வருது, அப்பிடியே நில்லுங்க!" பாவம், மனுஷன் அந்தக் காற்றில் அரைமணி நேரம்.

மூன்றாவதாக வந்தது அந்தப் பாட்டு. மறப்பதற்குள் எழுதுகிறேன்:

பல்லவி: முகம் மட்டும். சிரிப்பு. அவன் லாரியில் ஏறுகிறான்.
சரணம் 1: கரையில் தனியாக. இடுப்புவரை தெரிகிறாள். காற்று.
சரணம் 2: ரொம்பத் தூரம். எறும்பு மாதிரி ஆள். குரல் மட்டும் காதருகில்.
கடைசி: முதுகு. நடந்து போகிறாள்.

சேலை: கருக்கல் நிறம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. நம்ம சுங்குடியேதான்! தனம் என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் வலிக்கிறது.

8.8 சனி

காற்று குறையவில்லை. சீயக்காய் வாங்க மறந்தேன்.

கறுப்பு வெள்ளையில் கலரை எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும், பச்சையும் கறுப்பாகத்தான் தெரியும். திண்டுக்கல் தியேட்டரில் படத்தைப் பார்த்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன்.

பக்கத்து வீட்டுப் புதுப்பெண்: மயில் கழுத்து. (இப்போது அவள் எதைப் பார்த்தாலும் மயில் கழுத்துதான்.)
பால்காரர்: "செவப்பு. எங்க அம்மா மேல சத்தியமா செவப்பு."
டீச்சர்: ஊதா. "எங்க தவக்காலத்துல பீடத்துல விரிப்போம் பாரு கனகம், அந்த ஊதா. அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தாலே தெரியுமே."
இவர்: "பச்சை." எப்படித் தெரியும் என்றேன். "பாட்டு வந்தப்ப தூங்கிட்டேன், ஆனா பச்சையாத்தான் இருக்கும்." இந்த மனுஷனை என்ன செய்ய!

"புள்ளி இருந்துச்சா?" என்றால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில், "பின்னே? புள்ளிச் சேலைதான்."

எனக்கு ஆத்திரம். ஒரே சேலை, நாலு கலர். சாயத் தொட்டியில் எதைக் கரைக்க?

தனம்தான் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "மதினி, அழுகையக் காட்டணும்னா பக்கத்துல வந்து காட்டுவாக. இவளத் தள்ளித் தள்ளி வச்சுக் காட்டுறாக. ஏன்? அழுறது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனைக்கிறவ இவ. சத்தம் கொறையவே இல்ல, ஆளு மட்டும் சின்னதாப் போறா, கவனிச்சீகளா?"

கவனிக்கவில்லை. சேலையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"புள்ளியும் அப்பிடித்தான். சிரிக்கிறப்ப அங்கொண்ணு இங்கொண்ணு. கரையில நிக்கிறப்ப கூடுது. கடைசியில முதுகக் காட்டிப் போறப்ப அம்புட்டும் புள்ளி, சேலையே வெள்ளையாப் போச்சு. வாயில வராத பேச்செல்லாம் புள்ளியா வந்துருச்சு மதினி."

புடைப்பதை நிறுத்திவிட்டேன் என்று எழுதப் போனேன். புடைத்தது அவள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

9.8 ஞாயிறு

வத்தலக்குண்டிலிருந்து கார்டு. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுதியது. ஆவணி ஒன்றாம் தேதி வருகிறார்களாம், பெண்ணைத் தயாராக வைக்கவும்.

இவரிடம் சண்டை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தைத் தட்டில் வைக்காமல் தரையில் வைத்தேன்.

"எதச் சொல்லி அவள இங்க நிறுத்தச் சொல்றே? அடிச்சான்னு சொன்னா, எந்த வீட்டுல அடிக்கலம்பாக. சும்மா வச்சிருந்தா வாழாவெட்டின்னு ஊரு பேசும். கையில வேலை இருக்கு, தீவாளி வரைக்கும் ஆளு வேணும்னா அது ஒரு பேச்சு. அதச் சொல்லலாம்."

உடன்பிறந்தவளை நிறுத்திவைக்க ஒரு சாக்கு வேண்டுமாம்! திட்டித் தீர்த்தேன். பாத்திரம் கழுவும்போது வேறு மாதிரி தோன்றியது. சாக்குத் தேடுகிறவர் நிறுத்தத்தான் நினைக்கிறார். அதற்காவது நல்லா இருக்கட்டும்.

ஆக, வியாழக்கிழமை. அந்தச் சேலை சரியாக வந்தால் தனம் இங்கே. இல்லாவிட்டால் அங்கே.

10.8 திங்கள்

முடிச்சுப் போட ஆறு பேர். துணியில் சிறு சிறு முடிச்சாக நூலால் இறுக்க வேண்டும். சாயம் ஏறாத இடம் புள்ளி. இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் கை தானாகப் போகும். இதில் இடுப்பில் சொருகும் முனையில் அரிதாக ஆரம்பித்து முந்தி வரவர நெருங்க வேண்டும். புலம்பல். "இது என்ன கனகம், அம்மை போட்ட மாதிரி?" தனம் நடுவில் உட்கார்ந்து பாட்டைப் பாடுகிறாள். பல்லவிக்கு இவ்வளவு, சரணத்துக்கு இவ்வளவு என்று விரலால் காட்டுகிறாள். செத்த நேரத்தில் ஆறு பேரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் தாளம் தப்பி.

12.8 புதன்

முடிச்சு முடிந்தது. கலர் முடியவில்லை.

தனத்திடமே கேட்டேன், நீயாக இருந்தால் என்ன உடுத்துவாய் என்று. "அரக்கு."

ஏன்?

"தூரத்துலேருந்து பாத்தா கறுப்பு. கிட்ட வந்தாத்தான் செவப்பு தெரியும்."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அரக்குதான் கரைத்தேன். கை இரண்டும் ரத்தம் மாதிரி. கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டே முக்கினேன், பாதியில் வரி மறந்துவிட்டது, முருகன் கோபிக்க மாட்டான்.

13.8 வியாழன்

காலையில் முடிச்சுப் பிரித்தோம். இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, நூலெல்லாம் படபடவென்று தெறித்தது. விரித்தோம். அம்மை என்று சொன்னவள்தான் முதலில் கையால் தடவினாள்.

எத்தனையோ சேலை முக்கியிருக்கிறேன். ஒரு சேலையைப் பார்த்து அழுதது இதுதான் முதல் தடவை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நானும் தனமும் 10 மணி பஸ். கடையில் மற்ற இரண்டு பட்டறைச் சேலையும் இருந்தன. ஒன்று மயில் கழுத்து, ஒன்று சிவப்பு. (பால்காரர் அங்கேயும் சத்தியம் பண்ணியிருப்பார்.) முதலாளி மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் மனைவி கரண்டியோடு இறங்கி வந்தார்.

இரண்டையும் தள்ளினார். எங்களுடையதை மேலே போட்டு, கண்ணாடி முன்னால் திரும்பி, முந்தியைப் பின்னால் பார்த்தார். தனம் என் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் ஒன்று உடைந்தது.

"கலரு இது இல்ல. ஆனா அதேதான்."

"கலரு இல்லங்கிறே, அதேதாங்கிறே!" என்றார் முதலாளி.

"ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது. அந்தப் பாட்டு இதுக்குள்ள இருக்கு. எனக்கு ஒண்ணு எடுத்து வச்சுட்டு மத்தத விலைக்குப் போடுங்க."

முதல் ஆர்டரே அறுபது சேலை! அந்தம்மாவுக்கு நூறு வயசு ஆயுசு. திரும்பும்போது தனத்துக்கு வளையலும், எங்கள் இரண்டு பேருக்கும் ரோஸ்மில்க்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம், கால் வலி தெரியவில்லை.

17.8 திங்கள், ஆவணி 1

வந்துவிட்டார்கள். பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும். மாப்பிள்ளை வரவில்லை. காபி கொடுத்தேன். சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன், வேண்டுமென்றே.

நான் கதவுக்குப் பின்னால். இவர் எப்போதும் போல மழுப்புவார் என்று நினைத்தேன். கடைசியில் நானே வெளியே போய்ப் பேச வேண்டியிருக்கும் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கூட விட்டேன்.

"தனத்துக்கு இங்க வேலை இருக்கு. தீவாளி வரைக்கும் ஆள் வேணும்."

"தீவாளிக்கப்புறம்?"

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "அப்பவும் வேலை இருக்கும். அவ கையில தழும்பு போட்டவன் மொதல்ல இங்க வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்."

அடேயப்பா! என் வீட்டுக்காரர்தானா?

பெரியப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ராத்திரி இவருக்கு இரண்டு அப்பளம் கூடப் பொரித்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. தெரியும் அவருக்கு.

21.8 வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. லேசான தூறல். பத்துச் சேலை முக்கியாயிற்று.

டீச்சர் வீட்டில் டிவி பளிச்சென்று! ரிப்பேர்காரர் வந்து பார்த்தாராம். ஆன்டெனாவில் கோளாறே இல்லை. மாடியிலிருந்து இறங்கும் ஒயரை அணில் கடித்து வைத்திருக்கிறது. காற்று அடிக்க அடிக்கக் கம்பி விட்டு விட்டுத் தொட்டிருக்கிறது. "அதான் அன்னைக்கெல்லாம் படம் முழுக்கப் புள்ளி புள்ளியா ஓடுச்சு," என்றார் சார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மக்கு.

இரண்டாவது பாட்டே அதுதான். பல்லவி. சிரிப்பு. லாரி. கரை. தூரம். முதுகு.

வெறும் சேலை. ஒரு புள்ளி இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

"மதினி," என்றாள் தனம் காதில், "புள்ளியக் காணோம்."

"பேசாமப் பாரு."

பின்னாலிருந்து டீச்சர், "என்னமோ கனகம், இன்னைக்குப் பாட்டு அம்புட்டு நல்லால்லையே. அன்னைக்கு நெஞ்சப் பிசைஞ்சுச்சே!"

அவ்வளவுதான், தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். இரண்டு பேரும் வெளியே ஓடிவந்து தூறலில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம். ஏழு மாதமாக இவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

திடீரென்று நிறுத்தினாள். "அப்ப நான் பாத்ததெல்லாம் பொய்யா மதினி?"

"பாட்டப் பாத்தது நெசம். புள்ளி மட்டும் ஒன்னோடது" என்றேன். முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு. அவர் கடையில் இதுவரை ஒரு பெண்கூட "இது இல்லை" என்று திருப்பவில்லை.

22.8 சனி

வெயில். நூல்கண்டு, உப்பு, சீயக்காய் (இன்றைக்காவது).

காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பழைய ஒயரைக் கேட்டு வாங்கி வந்தேன். "கொடி கட்டவா கனகம்?" என்றார். ஆமாம் என்றேன். பல் பட்ட இடத்தில் செம்புக்கம்பி பளபளவென்று தெரிகிறது. சுருட்டி, பட்டறையில் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். சொல்லாமலே தனம் அதற்கும் ஒரு துண்டுப் பூ வைத்துவிட்டாள்.

இவர் பார்த்துவிட்டு, "ஏய் கனகம், இது என்ன ஒயரு, சாமிக்குப் பக்கத்துல?"

"ஒங்க தங்கச்சிய இந்த வீட்டுல நிறுத்துன ஒயரு."

ஒன்றும் புரியாமல் நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு அதையும் சேர்த்துக் கும்பிட்டார்.