ஹெர்பின் சட்டை உனக்கு எதற்கு

மஸ்கீகன்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகள் மார்லாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் நாயும் சுகம். நீ சுகமா இல்லையா என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, ஆகையால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நானாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் பஸ்ஸில் இருக்கிறேன் அம்மா என்று இரண்டு தரம் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஸ்போகேனில் நீங்கள் வாசிக்கப்போகும் அரங்கத்தின் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். மேடை ஏறுவதற்கு முன்னால் படி, இறங்கின பிறகு படித்துப் பிரயோஜனம் இல்லை.

இங்கே ஏரிக்காற்று இன்னும் விட்டபாடில்லை, ஏப்ரல் பிறந்தும் பனி உறைந்து வழுக்காமல் இருக்கக் கடை வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருக்கிறோம். துணி காயவைக்கிற டிரையர் வியாபாரம் பரவாயில்லை, ஃப்ரிட்ஜ்தான் மந்தம். அப்பாவுக்கு ஒருவழியாகக் காது மெஷின் வாங்கியாயிற்று, ஆனால் நம் வேன் ஓட்டுகிற டுவேன் கடைக்குள் நுழைந்தால் அதை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் பேட்டரி மிச்சம் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருபது வருஷமாக டுவேனுக்கு இருப்பது ஒரே பேச்சு, லைல் பிராட்டன். லைல் எந்த ஊரில் எப்படிக் கிட்டார் வாசித்தார், எந்தப் பயணத்தில் எந்தப் பாட்டை எவ்வளவு இழுத்தார், பின்னால் யார் டிரம்ஸ். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன கோர்டியும் டோனட் பெட்டியோடு வந்துவிடுவான். இரண்டு பேரும் உறைபெட்டி வரிசைக்குப் பக்கத்தில், விற்கவேண்டிய என் ஸ்டூல்களில் உட்கார்ந்துகொண்டு, வருஷத்தைச் சொல்லிப் பேசமாட்டார்கள், ராஜாக்கள் ஆண்ட மாதிரி லைலின் டிரம்ஸ்காரர் பெயரைச் சொல்லி கார்ல் காலம், ஹெர்ப் காலம் என்பார்கள். இப்போது உன் காலம். நீ லைலின் டிரம்ஸ் ஸ்டூலில் ஏறினதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. இவர்கள் உன்னைப் பற்றி ஏதாவது சொல்வதற்கு முன்னால், தப்பா நெனைக்காதீங்க ஆர்லீன், என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தப்பாக நினைக்காதே என்று எவனாவது நல்லதைச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா.

போன வாரத்துச் சனிக்கிழமை கோர்டி ஆரம்பித்தான். "தப்பா நெனைக்காதீங்க ஆர்லீன், மார்லா நல்ல பொண்ணு, ஆனா டென்வர்ல வாசிச்சத கேட்டேன், ஹெர்ப் இருந்திருந்தா அந்த எடத்துல அடிய கொறச்சு, சும்மா சாஞ்சு விட்டிருப்பான்." டுவேன் விடுவானா, "சும்மா இருடா கோர்டி, ஹெர்ப் புதுசா வந்தப்ப நீ என்ன சொன்ன, கார்ல் எங்க, இந்தத் தூங்குமூஞ்சி எங்கன்னு டெட்ராய்ட்ல பாதியில எழுந்து போய் ஹாட் டாக் தின்னவன்தான நீ" என்றான். "பசிச்சுது, தின்னேன்" என்றான் கோர்டி. அதுதான் அவன் பதில். அன்றைக்குத் தூங்குமூஞ்சியாக இருந்த ஹெர்ப், தோள்பட்டை போய் வீட்டோடு உட்கார்ந்ததும் மகானாகிவிட்டார். என் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான், பழைய வாஷிங் மெஷினை உதைத்து உதைத்துத் துவைத்திருப்பார்கள், அதை வேனில் ஏற்றினபிறகு புது மெஷினுக்கு முன்னால் நின்று, அது மாதிரி வராது என்று கண்ணைத் துடைப்பார்கள்.

இந்த எரிச்சலில் நான் இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. அதைப் படித்ததும் இவர்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி உன் பக்கம் திரும்பிவிட்டது. ரசிகர்கள் எழுதுவதை எல்லாம் ராத்திரி பஸ்ஸில் படிக்கிறாயாம். கிறிஸ்துமஸிலிருந்து ஹெர்பின் பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அவர் அடிக்கிற மாதிரியே அடிக்கிறாயாம், டிரம் தோலைக்கூட அவர் வைத்திருந்த மாதிரி தளர்த்திக்கொண்டாயாம். அப்படியும் திட்டு நிற்கவில்லை, ஆகவே கிராண்ட் ராப்பிட்ஸ் நிகழ்ச்சியோடு விலகிக்கொள்கிறேன், பழையபடி கடையின் பின்பக்கம் உட்கார்ந்து மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன், என் ஸ்டூலை எடுத்துவை அம்மா என்று எழுதியிருக்கிறாய். லைல் ஏதாவது சொன்னாரா என்று தேடினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எழுபது தாண்டின மனுஷர், சம்பளம் கொடுக்கிறவர், பிடிக்கவில்லை என்றால் சொல்ல அவருக்கு வாய் இல்லையா. ஹெர்ப் மாதிரி வாசிக்க ஆள் வேண்டும் என்றால் நாஷ்வில்லில் தெருவுக்கு ஒருவன் கிடைப்பான். அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்துவிட்டு அவர் உன்னை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று ஒரு நாளாவது யோசித்தாயா.

டைக்ஸ்ட்ரா அம்மாளின் அடுப்பு ஞாபகம் இருக்கிறதா, நீ அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அந்தப் பச்சை அடுப்பு உடைந்ததும், அதே அடுப்புதான் வேண்டும், அதே பச்சை, அதே குமிழ் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நானும் உன் அப்பாவும் லான்சிங் வரை அலைந்து ஒரு வீட்டு நிலவறையில் கண்டுபிடித்துத் தேய்த்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தோம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது எனக்குச் சரியாகப் படவில்லை ஆர்லீன், என்னுடையதை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வெள்ளை அடுப்பை வாங்கிக்கொண்டு போனாள். பச்சையைக் கேட்கிறவர்களுக்குப் பச்சையை வாங்கி வைக்காதே என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர்கள் கேட்பது அடுப்பை இல்லை. நீ அதே பச்சை அடுப்பாகப் போய் நின்றுகொண்டிருக்கிறாய்.

ஆனால் இதை வெறும் வாயால் சொன்னால் நீ கேட்கமாட்டாய், நீ என் மகள். அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். புது மெஷின்தான் சத்தமில்லாமல் ஓடும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு, நான் பெயர்ப்பட்டையின் மேல் டேப் ஒட்டிவிட்டு இரண்டு மெஷினை ஓட்டிக் காட்டுவேன் அல்லவா, அதேதான். கோர்டியையும் டுவேனையும் உறைபெட்டி வரிசையைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னேன். டுவேனின் போனை வாங்கி உன் அப்பாவிடம் கொடுத்தேன். லைல் எல்லா ஊரிலும் கடைசியில் வாசிக்கிற அந்த நீளமான பாட்டு ஒன்று மட்டும்தான், ஆனால் மூன்று ராத்திரியில் வாசித்தது, யார் டிரம்ஸ் என்று நீங்கள் சொல்லவேண்டும் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், இவர்கள் மூக்கை உடைக்கத்தான் செய்தேன். ஹெர்ப் எது, நீ எது என்று தெரியாமல் உளறுவார்கள், உடனே உனக்கு எழுதவேண்டும், பார், இந்தக் காதுகளுக்காகவா அழுதாய் என்று, அதுதான் என் கணக்கு. டோனட்டை நடுவில் வைத்தேன், தோற்கிறவன் அடுத்த மாதம் முழுக்க வாங்கவேண்டும்.

முதலில் ஹெர்ப் கடைசியாகப் போன பயணத்தில் வாசித்தது. அப்பா பொத்தானை அமுக்கி இரண்டு அடிகூட விழவில்லை, "ஹெர்ப்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். இரண்டாவது நீ டென்வரில் வாசித்தது, எவனோ ஒரு ரசிகன் எடுத்துப் போட்ட பதிவு. டுவேன் தலையைச் சொறிந்தான். கோர்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இது மார்லா. ஹெர்ப் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிற மார்லா. தோள் தொங்குது, கை உள்ள போயிருச்சு" என்றான். டோனட் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

மூன்றாவது, இவர்கள் யாரிடமும் இல்லாதது. போன செப்டம்பரில் டுலூத்தில் முதல் ராத்திரி, சின்ன மண்டபம், உன் சவுண்ட்காரர் எடுத்துக் கொடுத்தது என்று அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாயே, அதுதான். அப்பா என் போனை எடுத்துப் போட்டார். பாட்டு ஆரம்பித்தது. டுவேன் டோனட்டைக் கடித்தவன் மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். நடுவில் லைல் தனியாக இழுக்கிற இடத்தில், ஹெர்ப் சாய்ந்து விடுவார் என்று சொல்வார்களே, அங்கே நீ சாயவில்லை, லைலைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினாய், அவர் சிரித்தது அந்தப் பதிவிலேயே கேட்கிறது. பாட்டு முடிந்தும் கோர்டி திரும்பவில்லை, உறைபெட்டியைப் பார்த்துக்கொண்டே, "யாரு ஆர்லீன் இது" என்றான். நீயே சொல் என்றேன். "தெரியல. மறுபடி போடச் சொல்லுங்க" என்றான். உன் அப்பா மறுபடி போட்டார், அதற்குள் டுவேன், "முதலாளியம்மா, இந்த ஆளு வாசிக்கிறதா இருந்தா நான் ஃபார்கோ வரைக்கும் வேன எடுத்துக்கிட்டுப் போவேன்" என்றான். என் வேன்டா அது, என்றேன். பிறகுதான் பெயரைச் சொன்னேன்.

இவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். கோர்டி கோபப்பட்டான். "அப்புறம் ஏன் இப்ப அப்படி வாசிக்கிறா, எவன் கெடுத்தான் அவள" என்று என்னிடமே எகிறினான். உன்னை மாதிரி ஆளுங்கதான்டா, ஹெர்ப் ஹெர்ப்னு ராத்திரி பகலா எழுதி அவளக் கெடுத்தீங்க என்றேன். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் என்ன நடந்தது தெரியுமா, காபி ஆறுவதற்குள் டுவேன், "டுலூத் மார்லா வேற, டென்வர் மார்லா வேற" என்று ஆரம்பித்தான், கோர்டி, "டுலூத் மார்லாவுக்கு முன்னால கார்லே நிக்க முடியாது" என்றான், இப்போது உன்னையும் உன்னையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பா காது மெஷினை அணைத்துவிட்டார். இவர்கள் திருந்தப்போவதில்லை மார்லா, செத்துப்போய் மேலே போனாலும் அங்கே யார் டிரம்ஸ் என்றுதான் கேட்பார்கள்.

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இவர்களுக்குக் காது இல்லை என்று நிரூபிக்கப் போனேன், இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஹெர்பைக் கேட்கிறார்கள், நீ ஹெர்பைக் கொடுத்தால் சரக்கு போலி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். வாய் கேட்பது ஒன்று, காது கேட்பது வேறு. வியாபாரத்தில் நான் வாயை நம்பி ஒரு ஃப்ரிட்ஜ்கூட விற்றதில்லை. ஆகவே ராத்திரி பஸ்ஸில் அந்தக் குப்பையைப் படிப்பதை விடு. டிரம் தோலை உன் இஷ்டத்துக்கு இறுக்கிக்கொள். அதன்பிறகும் திட்டினால் திட்டட்டும், அந்தத் திட்டாவது உனக்கு வருகிறதாக இருக்கும், இப்போது நீ வாங்கிக்கொண்டிருப்பது ஹெர்ப் வேஷத்துக்கு விழுகிற திட்டு. ஹெர்பிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், அவர்தானே லைலிடம் உன் பெயரைச் சொன்னவர். அவர் நகலை அனுப்பவேண்டும் என்று நினைத்திருந்தால் தன்னை மாதிரியே வாசிக்கிற மருமகனை அனுப்பியிருப்பார்.

இனி ஸ்டூல் விஷயம். பின்பக்கத்து வேலைக்கு ஒருத்தியைப் போட்டுவிட்டேன். பக்கத்து ஊர்க்காரி, டிரையரைக் கழற்றி மாட்டுவதில் உன்னைவிடக் கை வேகம், வேலை நேரத்தில் மேசையில் தாளம் போடுவதில்லை. உன் ஸ்டூல் அவளுக்குக் கொடுத்தாயிற்று, அவள் உயரத்துக்கு அதன் காலை அப்பா அறுத்தும் கொடுத்துவிட்டார். ஆகையால் திரும்பி வந்து உட்கார உனக்கு இங்கே இடம் இல்லை. சாப்பிட, தூங்க, திட்டு வாங்க எப்போதும்போல இடம் இருக்கிறது, உன் அறைக் கட்டிலில் துணி மட்டும் கொஞ்சம் குவிந்திருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், லைலுக்கும் ஒரு ஜோடி, வயசானவருக்குக் கால் குளிரும். பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்காதே, கழுத்துப் பிடித்துக்கொள்ளும். கைக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு குறையும் வராமல், போகிற ஊரெல்லாம் நல்லவர்கள் கண்ணிலேயே நீ படவேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். கிராண்ட் ராப்பிட்ஸுக்கு டுவேன், கோர்டி சேர்த்து நாங்கள் நான்கு பேரும் டிக்கெட் வாங்கியாயிற்று, மூன்றாவது வரிசை, நடுவில். நான் அந்த மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வருவேன், நீ வெட்கப்படுகிறாயே, அதேதான், மேடையிலிருந்து பார்த்தால் தெரியாமல் போகாது. அந்த நீளப் பாட்டில் அந்த இடம் வரும்போது நீ ஹெர்ப் மாதிரி சாய்ந்தாயானால், மஞ்சள் கோட்டு எழுந்து நடு வழியாக வெளியே போய் ஹாட் டாக் வாங்கும். ஞாபகம் வைத்துக்கொள்.

உன் மேல் கோபமாகவே இருக்கும்,
அம்மா
ஆர்லீன் ஹூக்ஸ்ட்ரா

(அப்பா பக்கத்திலிருந்து, உன் அம்மா நேற்று ராத்திரியும் டுலூத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டாள் என்று எழுதச் சொல்கிறார். இரண்டு தடவைதான்.)